டிவி வாங்கும் முன் ஹாலின் வெளிச்சத்தைப் பாருங்கள்

கேள்வி இது: "மதுரையில் இரண்டாம் மாடி வீடு. ஹால் 18 அடிக்கு 12 அடி. டிவி வடக்குச் சுவரில் வரும். நேர் எதிரே தெற்கில் பால்கனிக் கதவு, கிழக்கே ஒரு ஜன்னல். பகலில் அப்பா செய்தியும் கிரிக்கெட்டும் பார்ப்பார். இரவில் நாங்கள் படம் பார்ப்போம். 65 இன்ச், மூன்று லட்சம் வரை செலவு செய்யலாம். ஒரு கடையில் ஓஎல்இடிதான் வாங்க வேண்டும் என்கிறார்கள், இன்னொரு கடையில் மினி எல்இடி என்கிறார்கள். எதை வாங்குவது?"

நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால்கனிக் கதவுக்குக் கெட்டியான திரைச்சீலை போட்டு, டிவி ஓடும்போது பகலிலும் அதை இழுத்துவிட வீட்டில் எல்லோருக்கும் சம்மதம் என்றால் ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானாக ஒளிரும் திரை) வாங்குங்கள். அப்பாவுக்குப் பகலில் கதவு திறந்திருக்க வேண்டும், காற்று வர வேண்டும் என்றால் மினி எல்இடி (பின்னாலிருந்து குட்டி விளக்குகள் ஒளியூட்டும் திரை) வாங்குங்கள். இரண்டில் எது "நல்ல டிவி" என்ற பேச்சே உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இரண்டாம் பட்சம். பால்கனி வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும். இது ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மூன்று லட்சம் சின்னத் தொகை இல்லை.

என் பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொன்னால் விஷயம் சட்டென்று புரியும். அவர் ஒரு பெரிய கடையில், இருட்டாக்கி வைத்திருந்த தனி அறையில் ஓஎல்இடி பார்த்து மயங்கி வாங்கிவிட்டார். வீட்டில் மாட்டிய முதல் நாள் இரவு ஒரு படம் போட்டார். இருட்டான காட்சி வந்ததும் திரையில் மேல் பக்கமாக ஒரு வெள்ளைக் கோடு, அதன் கீழே சோபாவில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவின் முகம். டிவியில்தான் ஏதோ கோளாறு என்று சர்வீஸ் ஆளை இரண்டு முறை வரவழைத்தார். இரண்டு முறையும் வந்தவர் பேனலைச் சோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போனார். நான் போய்ப் பார்த்தபோது, எதிர்ச் சுவரில் ஏழரை அடி உயரத்தில் ஒரு டியூப்லைட். டிவியோ பார்வை மட்டத்தைவிட ஒன்றரை அடி உயரத்தில் மாட்டியிருந்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த டியூப்லைட்டைக் கழற்றி, டிவி இருக்கும் அதே சுவரில் ஓரமாக மாட்டச் சொன்னேன். ஒரு மணி நேர வேலை. அன்று இரவே அவருடைய புகார் தீர்ந்தது. அந்த டிவி இன்றுவரை அருமையாக ஓடுகிறது.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது கடைக்குப் போவதல்ல. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருக்கும், கொஞ்சம் பெரியதாக இருந்தால் நல்லது. அதை எடுத்து, டிவி வரப்போகும் இடத்தில், சுவரோடு ஒட்டினாற்போல் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சோபாவில் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியை டிவியின் மேல் விளிம்பு, நடு, கீழ் விளிம்பு, இரண்டு ஓரம் என்று நகர்த்தச் சொல்லுங்கள். அதில் என்னென்ன தெரிகிறதோ அதெல்லாம் நாளை டிவி திரையில் தெரியும். பால்கனிக் கதவு தெரிகிறதா, டியூப்லைட் தெரிகிறதா, வாசல் தெரிகிறதா, பூஜை அலமாரி விளக்கு தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணி, மதியம் ஒரு மணி, மாலை நாலரை, இரவு எட்டு என நான்கு முறை இதைச் செய்தால் போதும். பழைய டிவி அந்த இடத்திலேயே இருந்தால் இன்னும் சுலபம்: அணைத்துவைத்து, சோபாவிலிருந்து போனில் படம் எடுங்கள்.

மாட்டும் உயரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் டிவியைச் சாமி படம் மாதிரி உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். டிவிக்கும் எதிர்ச் சுவருக்கும் 12 அடி என்று வைத்து உங்கள் ஹாலுக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 65 இன்ச் திரையின் உயரம் ஏறக்குறைய இரண்டே முக்கால் அடி. சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. டிவியின் நடுப்பகுதி அதே மூன்றரை அடியில் இருந்து, நீங்கள் ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்தால், திரையின் மேல் விளிம்பில் பிரதிபலிப்பது எதிர்ச் சுவரில் ஆறரை அடி உயரம் வரை இருக்கும் பொருள்கள் மட்டுமே. ஏழரை அடியில் இருக்கும் டியூப்லைட் திரைக்குள் வராது. அதே டிவியை நடுப்பகுதி ஐந்து அடியில் வருகிற மாதிரி தூக்கி மாட்டினால், எதிர்ச் சுவரில் பத்தடி உயரம் வரை இருப்பதெல்லாம் திரைக்குள் வந்துவிடும். டியூப்லைட் நடுநாயகமாக நிற்கும். உயரமாகத்தான் மாட்டியாக வேண்டும் என்ற நிலை இருந்தால், கீழ்நோக்கிச் சாய்க்கக்கூடிய ஸ்டாண்டு கேளுங்கள். ஐந்து டிகிரி சாய்த்தால் பிரதிபலிப்பு பத்து டிகிரி கீழே இறங்கும், எதிர்ச் சுவரில் அது இரண்டடிக்கு மேல். இன்னொன்று: உங்கள் வீட்டில் குழந்தைகளோ தாத்தாவோ தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றால் அவர்கள் கண் மட்டத்திலிருந்தும் கண்ணாடிச் சோதனையைச் செய்யுங்கள். சோபாவில் இருப்பவருக்குத் தெரியாத விளக்கு தரையில் இருப்பவருக்குத் தெரியும்.

இனி வெயில். தெற்குப் பார்த்த பால்கனி விஷயத்தில் பலர் ஏமாறுவது ஒரு இடத்தில்தான். மதுரையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடும். ஆனி, ஆடி மாதங்களில் உங்கள் பால்கனிக்குள் உச்சி வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அந்த நேரத்தில் டிவி வாங்கி மாட்டினால், "ஹாலில் வெளிச்சப் பிரச்சினையே இல்லை" என்று தோன்றும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து சுமார் 57 டிகிரி உயரம்தான். வெயில் கதவு வழியாக நான்கைந்து அடி உள்ளே வந்து டைல்ஸில் விழும். அந்தப் பளபளப்பான டைல்ஸ் இன்னொரு விளக்கு மாதிரி ஆகி, கீழிருந்து திரையின் மேல் வெளிச்சத்தை அடிக்கும். அதனால் நீங்கள் வாங்கும் மாதம் எதுவாக இருந்தாலும் மார்கழி, தை மாதத்தை மனதில் வைத்துத் தீர்மானியுங்கள். கிழக்கு ஜன்னல் அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. பக்கவாட்டில் இருப்பதால் கண்ணாடியில் அது பெரும்பாலும் தெரியாது. காலையில் நேர் வெயில் திரையிலேயே விழுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். எந்த டிவியாக இருந்தாலும் பேனல் மேல் நேர் வெயில் நாள்தோறும் விழுவது நல்லதல்ல.

அடுத்து, வெளிச்சத்தை எண்ணாக அளப்பது. ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு லக்ஸ். போனில் லக்ஸ் மீட்டர் ஆப் இலவசமாகவே கிடைக்கும். துல்லியமாக இருக்காது, ஆனால் நமக்கு வேண்டியது 30-ஆ, 300-ஆ என்ற வித்தியாசம்தான். போனை டிவி வரும் இடத்தில், திரை பார்க்கும் திசையில், அதாவது சோபாவைப் பார்த்தபடி பிடித்து அளவெடுங்கள். கதவு திறந்த பகல், திரைச்சீலை மூடிய பகல், டியூப்லைட் போட்ட இரவு, ஓரத்தில் சின்ன விளக்கு மட்டும் உள்ள இரவு என்று நான்கு அளவு.

இந்த எண் எதற்கு என்றால், டிவியின் கருப்பு நிறம் என்பது டிவி தருவது மட்டும் கிடையாது. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும், அதாவது திரையின் ஒவ்வொரு புள்ளியும், தானாக ஒளிரும், தானாக அணையும். அணைந்த பிக்சலின் ஒளி பூஜ்யம். இருட்டறையில் அது உண்மையிலேயே பூஜ்யம்தான். ஆனால் அறையில் வெளிச்சம் இருந்தால், திரை அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. திரை வெளிச்சத்தில் 2 சதவீதத்தைப் பரவலாகத் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 லக்ஸ் விழும் திரையில் "கருப்பு" என்பது ஏறக்குறைய 2 நிட்ஸ் ஆகிவிடும். நிட்ஸ் என்பது திரையின் ஒளி அளவு. வெள்ளை 100 நிட்ஸில் ஓடினால், வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம் 50 மடங்கு. லட்சக்கணக்கில் கான்ட்ராஸ்ட் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் டிவிக்கு உங்கள் ஹாலில் கிடைப்பது அந்த 50தான். அதே திரை, இரவில் 20 லக்ஸில், 800 மடங்கை நெருங்கும். பகலில் வெள்ளையை 400 நிட்ஸுக்கு ஏற்ற முடிந்தால் விகிதம் 200 மடங்கு ஆகும். அதனால்தான் வெளிச்சமான அறையில் கருப்பைவிட வெள்ளையின் பலம் முக்கியமாகிறது, இருட்டறையில் அது அப்படியே தலைகீழாகிறது.

இது பரவலாகத் திரும்பும் ஒளிக்கான கணக்கு. கண்ணாடியில் தெரிவது போல நேராகத் திரும்பும் பிம்பம் இன்னும் மோசம். திறந்த பால்கனி வழியாகத் தெரியும் வானம் 3,000 நிட்ஸ் என்று வைத்தால், ஒரு சதவீதம் திரும்பினாலே 30 நிட்ஸ். படத்தில் ஒரு இரவுக் காட்சியில் நடிகரின் முகம் அதைவிட மங்கலாகத்தான் இருக்கும். டியூப்லைட் மேற்பரப்பு 10,000 நிட்ஸ் அளவில் இருக்கும், அதில் ஒரு சதவீதம் 100 நிட்ஸ். திரையின் அந்தக் கோட்டில் படமே இருக்காது.

இப்போது பேனல்களுக்கு வருவோம். கடையில் "ஓஎல்இடி" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு குடும்பம் இருக்கிறது, வெளிச்ச விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல. எல்ஜி டிஸ்ப்ளே தயாரிக்கும் ஓஎல்இடியின் முன்பக்கம் போலரைசர் என்ற ஒளி வடிகட்டும் அடுக்கு ஒன்று உண்டு. வெளி வெளிச்சம் அதன் வழியாக உள்ளே போய், பின்னால் இருக்கும் உலோகத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் சுழற்சித் திசை மாறிவிடும். அந்த அடுக்கு அதை வெளியே விடாது. அதனால் பகல் வெளிச்சத்திலும் கருப்பு கருப்பாகவே நிற்கும். இதற்குக் கொடுக்கும் விலை, டிவியின் சொந்த ஒளியிலும் பாதிக்கு மேல் அந்த அடுக்கிலேயே போய்விடுகிறது. சாம்சங் டிஸ்ப்ளே தயாரிக்கும் க்யூடி-ஓஎல்இடி 2022-இல் டிவிகளில் வந்தது. அதில் அந்தப் போலரைசர் இல்லை. நிறம் செழிப்பாக இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தாலும் மாறாது. ஆனால் அறையில் வெளிச்சம் இருந்தால் கருப்பு சாம்பலாக, கொஞ்சம் ஊதா சாய்ந்த சாம்பலாகத் தெரியும். புதிய தலைமுறைகளில் இது குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. இருட்டில் படம் மட்டும் பார்ப்பவருக்கு நான் க்யூடி-ஓஎல்இடியைத் தயங்காமல் சொல்வேன். பகலில் திறந்த பால்கனி எதிரே அதை வைக்காதீர்கள்.

சாம்சங் 2024-இல் எஸ்95டி மாடலில் க்யூடி-ஓஎல்இடிக்கு மேட் (பளபளப்பில்லாத) பூச்சு போட்டது, 2025-இன் எஸ்95எஃப்பிலும் அது தொடர்ந்தது. விளக்கின் பிம்பத்தைக் கூர்மையாகக் காட்டாமல் கலைத்துப் பரப்பிவிடும். டியூப்லைட் இருப்பதே தெரியாது. ஆனால் அந்த வெளிச்சம் காணாமல் போவதில்லை, திரை முழுதும் மெல்லிய பனி மாதிரி படர்கிறது. என் அனுபவத்தில், நகர்த்த முடியாத விளக்கோ ஜன்னலோ நேர் எதிரே இருந்தால் மேட் பூச்சு நிம்மதி. அப்படி எதுவும் இல்லை, அறையில் பொதுவான வெளிச்சம்தான் என்றால் பளபளப்பான திரை நல்லது. படத்தின் கூர்மையும் கருப்பின் ஆழமும் அதில் கூடுதலாக நிற்கும். எல்ஜியின் ஜி வரிசையில், குறிப்பாக ஒளிதரும் அடுக்கு நான்கு உள்ள பேனலோடு 2025-இல் வந்த ஜி5-இல், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் வெளிச்சமும் இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன. ஓஎல்இடிதான் வேண்டும், பகலிலும் பார்க்க வேண்டும் என்பவர்களை நான் அந்தப் பக்கம்தான் அனுப்புகிறேன்.

மினி எல்இடி என்பது அடிப்படையில் எல்சிடி, அதாவது தானாக ஒளிராத, பின்னால் விளக்கு வேண்டிய திரை. பின்னால் ஆயிரக்கணக்கான குட்டி எல்இடிகளை நூற்றுக்கணக்கான, உயர்ந்த மாடல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களாகப் பிரித்து, இருட்டான பகுதியில் மங்கலாக்கி, வெளிச்சமான பகுதியில் ஏற்றுகிறார்கள். குறை என்னவென்றால் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் தெரியும். இருட்டறையில் சப்டைட்டில் ஓடும்போது இது கண்ணில் படும், சிலருக்கு எரிச்சலாகவே இருக்கும். ஆனால் மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். பகலில் திரையின் கருப்பே 2 நிட்ஸ் ஆகிவிட்ட ஹாலில், அந்த ஒளிவட்டம் அதற்குள் மூழ்கிவிடும். அங்கே ஓஎல்இடியின் பூஜ்யத்துக்கும் மினி எல்இடியின் மங்கலான கருப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

வெளிச்சத்தில் மினி எல்இடியின் உண்மையான பலம் கிரிக்கெட்டில் தெரியும். விளம்பரத்தில் 2,000 நிட்ஸ், 3,000 நிட்ஸ் என்று போடுவது திரையின் ஒரு சின்னப் பகுதி மட்டும் ஒளிரும்போது கிடைப்பது. திரை முழுவதும் வெளிச்சமாக இருந்தால் ஓஎல்இடி மின்சாரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்தத் தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். டெஸ்ட் மேட்ச் நினைத்துப் பாருங்கள். வெயிலில் குளித்த பச்சை மைதானம், வெள்ளை உடையில் பதின்மூன்று பேர், பின்னால் வெள்ளை சைட் ஸ்க்ரீன். அந்த முழுத் திரை வெளிச்சத்தில் நல்ல ஓஎல்இடிகள் 250 முதல் 400 நிட்ஸ் அளவில் நிற்கும். நல்ல மினி எல்இடி 600, 700 என்று தாராளமாகப் போகும். கேமரா மைதானத்திலிருந்து கூட்டத்துக்குத் திரும்பும்போது ஓஎல்இடியில் ஒளி ஏறி இறங்குவதைக் கவனித்துப் பார்ப்பவர்கள் பார்த்துவிடுவார்கள். அப்பாவுக்கு மதிய மேட்ச்தான் முக்கியம் என்றால் இதை எடைபோடுங்கள்.

அப்பாவின் செய்திச் சேனல் பற்றியும் ஒன்று. ஓஎல்இடியில் ஒரே இடத்தில் நாள்முழுதும் நிற்கும் லோகோவும், கீழே ஓடும் பட்டையும் காலப்போக்கில் தடம் பதிக்கும். எவ்வளவு அதிக ஒளியில் ஓடுகிறதோ அவ்வளவு வேகமாகத் தேயும். வெளிச்சமான ஹாலில் டிவியைத் தெளிவாகப் பார்க்க ஒளியைக் கூட்டியே வைப்பீர்கள். ஆக, வெளிச்சமான ஹால், நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் ஒரே செய்திச் சேனல், முழு ஒளி என்ற மூன்றும் சேர்ந்தால் ஓஎல்இடிக்கு அது கெட்ட கூட்டணி. மூன்றில் ஒன்றைக் குறைத்தாலும் பயம் பெருமளவு தணியும். இரவில் இரண்டு மணி நேரம் படம் பார்ப்பவருக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

பக்கவாட்டில் உட்காருபவர்கள் விஷயத்தில் ஓஎல்இடிதான் வலியது. மினி எல்இடிகளில் பெரும்பாலும் வருவது விஏ என்ற வகை எல்சிடி பேனல், ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துப்போகும். உங்கள் 18 அடி ஹாலில் எல் வடிவ சோபா போட்டால் ஓரத்தில் இருப்பவருக்கு அது தெரியும். கடையில் நேரே நின்று பார்ப்பதோடு நிற்காமல், ஓரமாக நாலடி நகர்ந்து நின்றும் பாருங்கள்.

கடைக்குப் போவது பற்றி. கடையின் வெளிச்சம் உங்கள் வீட்டு வெளிச்சம் கிடையாது. மேலே வரிசையாக விளக்கு, டிவியெல்லாம் விவிட் மோடில், நிறம் கத்துகிற மாதிரி ஓடும். பளிச்சென்று இருப்பதுதான் கண்ணை இழுக்கும், அதனால் கடையில் மினி எல்இடி ஜெயிக்கும். இருட்டறை டெமோவில் ஓஎல்இடி ஜெயிக்கும். இரண்டுமே உங்கள் ஹால் இல்லை. விற்பனையாளரிடம் சொல்லி, நிறத்தைக் கூட்டாமல் படம் எடுத்தபடியே காட்டும் பிலிம்மேக்கர் மோட் அல்லது சினிமா மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மாற்றித் தருவார்கள். அப்புறம் டிவியை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். அணைத்த திரையில் கடையின் விளக்குகள் எப்படித் தெரிகின்றன என்று மாடலுக்கு மாடல் பார்த்தால், எந்தப் பூச்சு நல்லது என்று யாரும் சொல்லாமலே புரியும். ஒன்றில் விளக்கு கூர்மையாக, வெள்ளையாகத் தெரியும். ஒன்றில் கரு ஊதாவாக மங்கித் தெரியும். ஒன்றில் பனிப்புகையாகப் பரவும். டிவி வாங்குவதில் நான் அதிகம் நம்பும் சோதனை இது. விலை தொடர்பாக ஒரு செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை நம்பிப் பேரம் பேசாதீர்கள்.

வாங்கியபின் செட்டிங் செய்வதில் பலரும் ஒரு மோடை வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு வையுங்கள். சாதாரண சேனல்களும் கிரிக்கெட்டும் பெரும்பாலும் எஸ்டிஆர், அதாவது வழக்கமான ஒளி வரம்பில் வரும் படம், அதில் ஒளியை இஷ்டம்போல ஏற்றலாம். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே அதிக வரம்பு உள்ள ஹெச்டிஆர் படம் அப்படி இல்லை. எந்த இடம் எத்தனை நிட்ஸில் ஒளிர வேண்டும் என்பது படத்திலேயே எழுதப்பட்டிருக்கும், இருட்டறையை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள். இருட்டுக் காட்சிகளின் நுணுக்கமெல்லாம் ஒரு நிட்ஸுக்கும் கீழே இருக்கும். உங்கள் ஹாலின் பகல் வெளிச்சம் 2 நிட்ஸ் பனியைப் போர்த்தியிருந்தால் அது மொத்தமும் புதைந்துவிடும். "நாலு லட்சம் டிவியில் ஹெச்டிஆர் படம் இருட்டாக இருக்கிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான். டால்பி விஷன் ஒரு வகை ஹெச்டிஆர். 2020-இல் வந்த டால்பி விஷன் ஐக்யூ, டிவியின் வெளிச்ச சென்சாரைப் படித்து நிழல் பகுதிகளைத் தூக்கிக் காட்டும். பகலில் அதை ஆன் செய்யுங்கள். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது, ஹெச்டிஆர்10 பிளஸ் அடாப்டிவ் அதே வேலையைச் செய்யும். இரவில் விளக்கை அணைத்தபின் பிலிம்மேக்கர் மோட், சென்சார் ஆஃப்.

இரவில் முழு இருட்டும் வேண்டாம். கண் பெரிதாக விரிந்திருக்கும் நேரத்தில் திரையில் திடீரென்று வெள்ளைக் காட்சி வந்தால் கண் கூசும், தலைவலிகூட வரும். டிவியின் பின்னால் ஒரு மெல்லிய எல்இடி பட்டையை ஒட்டி, சுவர் லேசாக ஒளிரும்படி வையுங்கள். திரை வெள்ளையின் ஒளியில் பத்தில் ஒரு பங்கு போதும். நிறம் 6500 கெல்வின் (வெள்ளை ஒளி மஞ்சளா, நீலமா என்று சொல்லும் அளவு) இருக்கட்டும். நம் ஊர்க் கடைகளில் கூல் டேலைட் என்று எழுதி விற்கும் சாதாரண வெள்ளை பல்புகள் பெரும்பாலும் இந்த அளவுதான், டிவியின் வெள்ளைக்கும் இதுதான் தரம். மஞ்சள் விளக்கு போட்டால் கண் அந்த மஞ்சளுக்குப் பழகி, திரையின் வெள்ளை நீலமாகத் தெரிய ஆரம்பிக்கும். டிவி இருக்கும் சுவருக்கு மேட் பெயின்ட்டில் வெளிர் சாம்பல் அடித்தால் இன்னும் இதம்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். பால்கனிக் கதவுக்கு இரண்டு அடுக்காகத் திரைச்சீலை போடுங்கள், மெல்லிய துணி ஒன்று, பிளாக்அவுட் துணி ஒன்று. கம்பியைக் கதவின் இரண்டு பக்கமும் ஓரடி நீட்டிப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு தப்பித்து வந்து திரையிலேயே நிற்கும். மெல்லிய துணி மட்டும் இழுத்த நிலையில் பகலில் போனில் அளவெடுங்கள். டிவி இடத்தில் 100 லக்ஸுக்குக் கீழே வந்து, கண்ணாடியில் பார்த்தால் கதவு மங்கலான செவ்வகமாக மட்டும் தெரிந்தால், ஜி5 மாதிரி நல்ல பூச்சுள்ள ஓஎல்இடியை 65 இன்ச்சில் எடுங்கள். அப்பாவின் மேட்சும் உங்கள் இரவுப் படமும் இரண்டுமே நன்றாக இருக்கும். அளவு 200, 300 என்றே நின்றால், அப்பாவும் திரைச்சீலை வேண்டாம் என்றால், உயர்ந்த மினி எல்இடி ஒன்று, சாம்சங் க்யூஎன்90 வரிசை போன்றது, எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தில் 75 இன்ச் எட்டுமா என்றும் பாருங்கள், ஒன்பது அடிக்கு அது பெரியதல்ல. 100-க்கும் 200-க்கும் நடுவில் வந்தால் அப்பாவின் செய்திச் சேனல் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் என்றால் நான் மினி எல்இடி பக்கம் சாய்வேன்.

டிவி வந்து மாட்ட ஆள் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். அவர்கள் வேகமாக ஐந்தடியில் துளை போட்டுவிடுவார்கள். சோபாவில் ஒருவரை உட்கார வைத்து, கண் மட்டத்தைப் பென்சிலால் சுவரில் குறித்துக் காட்டிவிட்டுத் துளை போடச் சொல்லுங்கள்.